படுதா விழாத நாலு நிமிசம்

உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கோடியில வேண்டாமுங்க, அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. இப்படி என் பக்கத்துல வாங்க. மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி. தேங்காய் பன் சாப்பிடறீங்களா? இந்த பேக்கரியில அது ஒண்ணுதானுங்க உருப்படி. வேண்டாமா, சரி.

சென்னியப்பன் வீடுதானுங்க கேட்டீங்க? மில் குவார்ட்டர்ஸ்ல மூணாவது வரிசை, கடைசி வீடு. வாசல்ல வேப்பமரம் நிக்கும். இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க. மெதுவாப் போலாமுங்க.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு நான் கேக்கமாட்டேன். அடுத்தவிங்க விசயத்துல தலையிடற பழக்கம் எனக்கு எப்பவும் கிடையாது. ஆனா இஸ்திரி மடிப்பு கலையாத வேட்டி, கக்கத்துல மஞ்சப்பை. வழி கேட்டீங்க, கேட்ட கையோட 'ஆளு எப்படிங்க'ன்னும் சேத்துக் கேட்டீங்க. பொண்ணு விசாரிக்க வந்திருக்கீங்க. மேகலாவைத்தானுங்களே? நெனச்சேன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனுங்களா? அதான, அந்தப் பொறுப்பு மூஞ்சியிலயே தெரியுது.

நல்ல புள்ளைங்க மேகலா. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்குது. அதிர்ந்து பேசாது. சென்னியப்பனும் நெம்ப நல்லவரு. முப்பது வருசமாத் தெரியுமுங்க. நான் மில்லுல டைம் ஆபீஸ், அவரு ஸ்பின்னிங் மேஸ்திரி. யாருகிட்டயும் வம்பு தும்பு கிடையாது. ஒரே ஒரு... சரி, அது எதுக்குங்க இப்ப.

இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. டீ வந்துருச்சு, ஆறறதுக்குள்ள குடிங்க.

அட, நீங்க விடமாட்டீங்க போலிருக்குது. நானா எதுவும் சொல்லலை, நீங்க கேட்டீங்க, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்படீன்னா அந்த நாடகத்துல இருந்து ஆரம்பிக்கோணும்.

இருபத்திரெண்டு வருசம் ஆச்சுங்க. எங்க மில்லுல மனமகிழ் மன்றம்னு ஒண்ணு இருந்துது. கேரம் போர்டு, ரெண்டு பேப்பர், பொங்கல் நோம்பிக்கு ஒரு நாடகம். வருசா வருசம் சிரிப்பு நாடகந்தான் போடுவோம். அந்த வருசம் மில்லுக்கு வெள்ளி விழா, கொஞ்சம் கனமா ஏதாவது போடுங்கன்னு மேனேஜர் சொல்லீட்டாரு. அழகிரி வாத்தியார்னு ஒருத்தரு, பழைய கம்பெனி நாடகமெல்லாம் பண்ணுனவரு, அவரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு ஒரு பழைய சோக நாடகத்தை எடுத்துட்டு வந்தாரு. நூறு வருசத்துக்கு முந்தி எழுதுனதாம்.

கதை இம்புட்டுத்தான். அண்ணன் ராஜா. தம்பி தளபதி, அண்ணன்னா உசுரு. நடுவுல ஒரு மந்திரி. தம்பிக்கு சிம்மாசனத்து மேல கண்ணுன்னு ராஜாவை நம்ப வெச்சு, அண்ணன் வாயாலயே தம்பிக்கு மரண தண்டனை சொல்ல வெச்சுடறான். எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம் ராஜாவுக்கு உண்மை தெரியுது. பொம்பளைங்க முந்தானை நனையறதுக்குன்னே எழுதுனதுங்க.

வேசம் பிரிக்கறதுக்கு எங்களை எல்லாம் கேன்டீன் வாசல்ல வரிசையா நிக்க வெச்சாரு வாத்தியாரு. என்னை ஒரு தடவை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. 'மந்திரி'ன்னாரு. ஒரு வரி வசனம் பேசச் சொல்லலீங்க. சென்னியப்பனைப் பாத்து 'ராஜா'ன்னுட்டாரு. எனக்குப் பொக்குன்னு போச்சு. உயரம் என்னுது, குரல் என்னுது, டைம் ஆபீஸ்ல இருந்து நான் பேருகளைப் படிச்சேன்னா மைக்கே வேண்டாம், மில் கேட்டு வரைக்கும் கேக்கும். தனியாப் போயி வாத்தியார்கிட்டக் கேட்டனுங்க. அவரு வெத்தலையை மென்னுட்டே சொன்னாரு.

"ராஜாவுக்கு எதைச் சொன்னாலும் நம்பற மூஞ்சி வேணும். அது சென்னியப்பன்கிட்ட இருக்குது. உன்ர மூஞ்சியை நீயே நம்பமாட்டே."

நான் அதை மனசுல வெச்சுக்கவே இல்லீங்க. அன்னிக்கு அவரு பச்சை ஜிப்பா போட்டிருந்தாரு, செவ்வாக்கெழமை, மதியம் மூணு மணி ஷிப்ட் சங்கு அப்பத்தான் ஊதுச்சு, மறுபடியும் வெத்தலை போட்டாரு. மனசுல வெச்சுக்கற ஆளா இருந்தா வேற மாதிரி இருந்திருப்பேன்.

எனக்கு அந்த வேசமே ஒத்து வராதுன்னு நெனச்சனுங்க. நான் வெள்ளந்தி. சூது வாது தெரியாது. வில்லன்னா கண்ணை உருட்டோணும், மீசையை முறுக்கோணும், இடிச் சிரிப்புச் சிரிக்கோணும்னு வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகிட்டிருந்தேன். வாத்தியாரு அதெல்லாம் வேண்டாம்னுட்டாரு. இந்த மந்திரி பொய்யே சொல்லமாட்டான்டா அப்படீன்னாரு. ராஜாவோட தம்பியைப் புகழ்ந்துதான் ஆரம்பிப்பான். நாலு நல்லது சொல்லுவான். அஞ்சாவதை ஆரம்பிச்சுப் பாதியில முழுங்கீருவான். 'ஒன்றுமில்லை மன்னா'ன்னு வேற பக்கம் திரும்பிக்குவான். மிச்சத்தை ராஜாவே நெனச்சுக்குவான். யாரும் சொல்லிக் கேட்டதை மறந்தாலும் மறப்பாங்க, தானா நெனச்சதை விடமாட்டாங்கன்னாரு வாத்தியாரு.

எவ்வளவு பெரிய நுணுக்கம் பாருங்க. எனக்குப் பிடிபடறதுக்கு ஒரு வாரம் ஆச்சு. பிடிபட்டதுக்கப்பறம் விடமுடியலீங்க. கேன்டீன் மணியன்கிட்ட ஒத்திகை பாத்தேன். 'நேத்து உங்க மச்சினனைச் சந்தையில பாத்தேன் மணியா, நல்ல மனுசன், நல்லாப் பேசுனாரு, ஆனா உன்னைப் பத்தி... சரி விடு'ன்னேன். அவ்வளவுதான். ஒரு வாரம் ரசத்துல உப்பு இல்லீங்க. மச்சினன் வீட்டுச் சீமந்தத்துக்குப் போகவே இல்லை அவன். இதுல நான் சொன்னது எது பொய்யுங்க? சந்தையில பாத்தது நெசம். அவரு நல்லாப் பேசுனதும் நெசம்.

பொங்கலுக்கு மறுநாள், சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். மில் மைதானத்துல கூட்டம் அள்ளுது. முன் வரிசையில மேனேஜர், சீப் கெஸ்ட், அவிங்க சம்சாரம். அதுக்கு அடுத்த வரிசையில எங்க வீட்டுப் பொம்பளைங்க. சென்னியப்பன் சம்சாரம் மடியில மேகலா. அப்ப அதுக்கு நாலு வயசு. ஆமாங்க, நீங்க இப்ப விசாரிக்க வந்திருக்கற அதே மேகலா.

மூணாவது சீன்லதான் நான் ராஜா காதுல ஓதறது. கைகட்டிக் குனிஞ்சு நின்னு சொல்றேன்: 'இளவல் நல்லவர்தான் மன்னா. அவர் வாளும் நல்ல வாள்தான். ஆனால் அந்த வாள் உறையில் இருக்கும்போதுகூட... ஒன்றுமில்லை மன்னா.' மைதானமே கழுத்தை நீட்டிக் கேக்குதுங்க. அப்பப் பாத்து அந்த நாலு வயசுக் குட்டி மடியில எந்திரிச்சு நின்னுக்குச்சு.

"அப்பா, அந்த மாமா பொய் சொல்றாங்க."

மைதானமே சிரிச்சுது. சென்னியப்பன் திரும்பிப் புள்ளையைப் பாக்கப் போயிட்டாரு, தொலைஞ்சுது நாடகம்னு நெனச்சேன். நான் அசரலீங்க. கைகட்டை எடுக்காம, 'தங்கள் குடிகளில் குழந்தைகளுக்குக்கூடத் தங்கள் மேல் எத்தனை அக்கறை மன்னா'ன்னேன். வசனத்துல இல்லாததுங்க, நானாப் போட்டது. கைதட்டு எப்படி விழுந்துச்சுன்னு நீங்க இருந்து கேட்டிருக்கோணும். வாத்தியாரு சைடுல நின்னு தன் தலையில கை வெச்சுக்கிட்டாரு, எனக்கு ஆசீர்வாதமாத்தான் இருக்கும்.

அதுக்கடுத்த சீன்ல ஒரு செருப்பு வந்து நெஞ்சுல விழுந்துதுங்க. நடிகனுக்கு அதைவிட என்ன வேணும். பொம்பளைச் செருப்பு, இடது காலு, வார்ல ஒரு சேப்டி பின்னு. நாடகம் முடிஞ்சு அதை மாலை மாதிரி எடுத்துட்டு வீட்டுக்குப் போனா, வாசல்ல என் சம்சாரம் ருக்குமணி ஒத்தைச் செருப்போட நிக்கறா. சேப்டி பின் போட்ட சோடி. கேட்டா, கை தவறிப் போச்சுங்கறா. முப்பதடி தூரம் கை தவறுமுங்களா? ஆனா எனக்கு அது பெருமையாத்தான் இருந்துது. கூட இருக்கறவளையே நம்ப வெச்சுட்டனே.

சரி, விசயத்துக்கு வர்றேன். கடைசி சீன்.

தம்பி செத்துக் கிடக்கறான். என்னைச் சங்கிலியில கட்டி ஒரு ஓரமா நிக்க வெச்சிருக்காங்க. ராஜா தம்பி உடம்பைப் பாத்துட்டு, என் பக்கம் திரும்பி, ஒரு நீளமான வசனம் பேசோணும். நாடகத்தோட உசுரே அதுதான். மூணு மாசம் ஒத்திகை. அந்த வசனத்துல கடைசி வார்த்தை காதுல விழுந்தாத்தான் படுதாக்காரரு கயித்தை விட்டுத் திரையை இறக்குவாரு. அப்படித்தான் ஏற்பாடு.

சென்னியப்பன் வந்தாரு. தம்பியைப் பாத்தாரு. நின்னாருங்க. நின்னாரு நின்னாரு நின்னுட்டே இருந்தாரு. வாயில ஒரு வார்த்தை வரலை. உதடு மட்டும் அசையுது. கண்ணு ஒரே பக்கமா நிலைகுத்திப் போச்சு. படுதாக்காரரு வார்த்தைக்குக் காத்துட்டிருக்காரு, வார்த்தை வந்தாத்தானே? நாலு நிமிசமுங்க. மேனேஜர் கையில கடிகாரம் கட்டியிருந்தாரு, அவரு சொல்லித்தான் நாலுன்னு தெரியும்.

வலிப்புன்னு நான் சொல்லலீங்க. சில பேரு அப்ப அப்படிப் பேசிக்கிட்டாங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது. மறதின்னு அவரே ஒத்துக்கிட்டாரு. வாத்தியாரு வந்து எங்கடா என் வசனம்னு காட்டுக் கத்துக் கத்துனப்ப, மறந்துட்டனுங்கன்னு அவரு வாயாலயே சொன்னாரு. சும்மா மறதியா இருக்கும். அவிங்க அப்பாவுக்குக்கூடக் கடைசி காலத்துல... வேண்டாமுங்க, போய்ச் சேந்தவரைப் பத்தி எதுக்கு.

அதெல்லாம் பொண்ணு வழியில வருமா வராதான்னு டாக்டருங்கதான் சொல்லோணும். மேகலாவுக்கு ஒண்ணும் இல்லீங்க, தங்கமான புள்ளை. போன மாசம் இந்தக் கடையில குடையை வெச்சுட்டு மறந்து போயிருச்சு, அவ்வளவுதான். குடையை யாருதான் மறக்கலை?

எனக்கு வருத்தம் எதுல தெரியுங்களா? நாடகம் முடிஞ்சு சிறந்த நடிகருக்கு வெள்ளிக் கோப்பை குடுத்தாங்க. யாருக்கு? மரமா நின்ன ராஜாவுக்கு. அந்த மௌனம் இருக்கே, அந்த மௌனம், இப்படி ஒரு நடிப்பை நான் பாத்ததே இல்லைன்னு சீப் கெஸ்ட் மைக்கைப் புடிச்சு அழுகறாரு. பக்கம் பக்கமா வசனம் பேசுனவனுக்கு ஒத்தைச் செருப்பு. பேசாதவனுக்குக் கோப்பை. நான் ஒரு வார்த்தை குறை சொன்னதுண்டுங்களா? இன்னிக்கு வரைக்கும் இல்லீங்க. நீங்க கேட்டதனால சொல்றேன்.

அதுல இருந்து எனக்குத்தான் இந்த ஊர்ல கெட்ட பேரு. நான் பேக்கரிக்குள்ள வந்தாப் பேச்சு நிக்கும். ருக்குமணி இருக்காளே, நான் கரண்ட் போயிருச்சுன்னு சொன்னாக்கூட ஒரு தடவை சுச்சைப் போட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவா. இந்தச் சென்னியப்பன் என்னைப் பேரு சொல்லியே கூப்பிடறதில்லீங்க. கல்யாண வீடாகட்டும், எழவு வீடாகட்டும், 'வாங்க மந்திரியாரே'ங்கறாரு. நாலு பேரு சிரிக்கறாங்க. நக்கலுங்க, வேற என்ன.

என்னுங்க, எந்திரிச்சுட்டீங்க? வீடு இந்தப் பக்கமுங்க. பஸ் ஸ்டாப்புதான் அந்தப் பக்கம்.

ஓ. பதினொண்ணு இருபது பஸ்ஸுங்களா.

சரிங்க. உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலீங்க, அதை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. தங்கச்சி மகனுக்கு நல்ல எடமா அமையும், கவலைப்படாதீங்க. என் பேருங்களா? பேரு எதுக்குங்க... நாச்சிமுத்து. டைம் ஆபீஸ் நாச்சிமுத்துன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? பைக்குள்ள என்ன தேடறீங்க?

என்ன சீட்டுங்க இது? ஜாதகத்தோட குத்திக் குடுத்தாங்களா? கண்ணாடி கொண்டு வரலை, கொஞ்சம் தள்ளிப் புடிங்க. இது சென்னியப்பன் கையெழுத்துங்க. இந்த 'ழ'வை இப்படிச் சுழிக்கறது அவன் ஒருத்தன்தான். 'எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க: திரு. நாச்சிமுத்து, மில் டைம் ஆபீஸ். தினமும் பத்து மணிக்கு முக்கு பேக்கரியில் இருப்பார். பழகியவர். அவர் சொல்வதே நான் சொல்வது.'

பின்பக்கம் பாத்தீங்களா? வேற பேரு ஏதாவது இருக்கும். மேனேஜர் பேரு, பேங்க்காரர் பேரு.

ஒரு பேருதானுங்களா.

நில்லுங்க. பஸ் வர்றதுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்குது. கொஞ்சம் நில்லுங்க. மாஸ்டர், அந்த ரேடியோவைக் குறைங்க. உக்காருங்கய்யா, ஒரு நிமிசம்.

அவன் மறக்கலீங்க. அன்னிக்கு அவன் ஒரு எழுத்தைக்கூட மறக்கலை.

எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பாதியில முழுங்கியே பழகிட்டேன், முழுசாச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. அந்தக் கடைசி வசனம் இருக்குதுங்களே, அதுல ராஜா மந்திரியைத் திட்டமாட்டான். ஒரு சாபம்கூடக் குடுக்கமாட்டான். தப்பு மந்திரி மேல இல்லை, கேட்ட தன் மேலன்னு சொல்லிருவான். ஒத்திகையில ஒவ்வொரு தடவை அவன் அதைப் பேசறப்பவும் எனக்கு வயிறு எரியும். மூணு மணி நேரம் நான் பாடுபட்டு ராஜ்ஜியத்தைக் கவுக்கறேன். கடைசியில இவன் வந்து அது நீ இல்லை, நானேன்னு அதையும் எடுத்துக்கறான். ராஜா வேசமும் அவனுக்கு, பாவமும் அவனுக்கு. எனக்கு என்னதானுங்க மிச்சம்?

அதனால இடைவேளையில அவன்கிட்டப் போயி, சீப் கெஸ்ட்டுக்கு நேரமாச்சாம், கடைசி வசனத்தை வாத்தியாரு வெட்டீட்டாரு, நீ தம்பியைப் பாத்துட்டுச் சும்மா நில்லு, படுதா தானா விழுந்துரும்னு சொன்னேன். பொய்யுங்க. முழுப் பொய். அவன் கிரீடத்தைச் சரி பண்ணிட்டே, அப்படியா, நல்ல வேளை நீ சொன்னேன்னான். வேற யாருகிட்டயும் கேக்கலை. நான் சொன்னாப் போதும் அவனுக்கு.

போயி நின்னான். படுதா விழலை. திரைக்குப் பின்னால இருந்து வசனம் எடுத்துக் குடுக்கறவரு முதல் வரியை மெதுவாச் சொன்னாரு. எனக்குக் கேட்டுது, அவனுக்கும் கேட்டுது. மறுபடியும் சொன்னாரு. அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுதுங்க, வசனத்தை யாரும் வெட்டலைன்னு. தலையை மெல்லத் திருப்பி என்னைப் பாத்தான். நிலைகுத்துன கண்ணுன்னு சொன்னனே, அது என் மேலதானுங்க நிலைகுத்துச்சு. நாலு நிமிசமும் என்னையே பாத்துட்டு நின்னான். சங்கிலியில கட்டுன ஆளு, எங்க போறது? கீழ குனிஞ்சுட்டேன். மைதானமே அழுதுது. நான் குனிஞ்சது நடிப்பு இல்லீங்க.

அப்பறம் வாத்தியாரு கத்தறப்ப நான் அதே ரூம்புலதான் தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைச்சிட்டிருந்தேன். நாச்சிமுத்து சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னை அன்னிக்கே மன்றத்தை விட்டுத் தொரத்தியிருப்பாங்க. மறந்துட்டனுங்கன்னான். என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. இருபத்திரெண்டு வருசம் அந்தப் பேரோட நடமாடறான், வசனம் மறந்த ராஜான்னு. அந்தப் பேரை எடுத்துத்தான் நான் இப்ப உங்களுக்கு வலிப்பு, வம்சம்னு ஊட்டி விட்டேன். அவிங்க அப்பா எண்பத்தெட்டு வயசுல பேரன் பேரை மறந்தாரு. அந்த வயசுல அது வியாதிங்களா? எனக்கு வெக்கமா இருக்குதுங்க. நெசமாவே வெக்கமா இருக்குது.

என்னுங்க சிரிக்கறீங்க? இதுவும் நடிப்பான்னா கேக்கறீங்க?

கேப்பீங்க. ஏன் கேக்கமாட்டீங்க. எப்படி ஏமாத்தறதுன்னு அரை மணி நேரம் உங்களுக்கு வெளக்கிச் சொன்னவன் நான்தானே. சீட்டைப் பாத்துப் பயந்துட்டுப் பேச்சை மாத்தறேன்னு நெனைக்கறீங்க. என்னைப் பத்தி நானே இவ்வளவு அசிங்கமாச் சொல்றேன், இதுல எனக்கு என்னங்க லாபம்? சரி, என்னை நம்ப வேண்டாம். ஒண்ணு பண்ணுங்க. எங்கூட வாங்க. அந்த வசனத்தை இப்பக் கேட்டாலும் அவன் சொல்லுவான். ஒரு தடவைகூட மேடையில பேசாத வசனம். மறதிக்காரனா இல்லையான்னு உங்க காதாலயே கேட்டுக்கோங்க. அடுத்த பஸ்ஸு பன்னண்டுக்கு இருக்குது.

வாங்க, வாங்க. மாஸ்டர், வந்துர்றேன்.

நில்லுங்க, உங்க மஞ்சப்பையைப் பெஞ்சுலயே மறந்துட்டு வர்றீங்களே. உங்க வம்சத்துலயும் உண்டுங்களா? சும்மா சொன்னேனுங்க, கோவிச்சுக்காதீங்க. பழக்க தோசம்.

இதுதான் மூணாவது வரிசை. அதோ பாருங்க வேப்பமரம். கீழ சேர்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சுட்டு இருக்கறது ராஜா. கிரீடம் போயிருச்சு, முடியும் போயிருச்சு, பாத்துக்கோங்க.

கேட்டீங்களா? 'வாங்க மந்திரியாரே'ங்கறான். வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே. நக்கல்னு சொன்னனே உங்ககிட்ட. இப்பக் கேட்டா நக்கல் மாதிரி இல்லீங்க. கூப்பிடறதுக்கு வேற பேரு அவனுக்கு வாயில வரலை, அவ்வளவுதான்.

சென்னியப்பா, எந்திரி. கீரையைக் கீழ வெய்யி. இவரு மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்றதெல்லாம் அப்பறம். முதல்ல அந்தக் கடைசி வசனம். ஏன்னு கேக்காதே. இவருகிட்ட எல்லாத்தையும் சொல்லீட்டேன். ஆமாடா, எல்லாத்தையும், இடைவேளையில நான் சொன்னதையும். இன்னும் படுதா விழுகலை, அவரு பன்னண்டு பஸ்ஸைப் புடிக்கோணும். நான் ஆரம்பிக்கறேன். ம்.

'மன்னா, இனி என்னை என்ன செய்யப் போகிறீர்கள்?'

பாத்துட்டே நிக்கறான் பாருங்க. அதே பார்வை. சென்னியப்பா, இன்னொரு நாலு நிமிசம் என்னால தாங்க முடியாதுடா. பேசீரு.

கேளுங்க, கேளுங்க. 'உம்மை ஒன்றும் செய்யமாட்டேன் மந்திரியாரே.' குரலைப் பாருங்க, அறுபது வயசுக் குரலுங்களா அது? 'இத்தனை பேர் சூழ நின்றும் என் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். அருகில் நின்றான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.' ஒரு எழுத்து பிசகலை. இதுதானுங்க, இதுதான் அந்த எடம். 'நாக்கு உம்முடையது. அது விரும்பியதைப் பேசியது. என் தம்பியைக் கொன்றது உமது நாக்கு அல்ல. என் செவி.'

முடிஞ்சுதுங்க. இந்த வார்த்தைக்குத்தான் படுதா விழோணும்.

நீங்க எதுக்குங்க காதைத் தடவறீங்க?

சென்னியப்பா, கண்ணைத் தொடைச்சுக்கோ, கையில கீரை மண்ணு இருக்குது, பாத்து. வந்தவரு முன்னால இதென்ன. என் கண்ணு அது வேற, வெயிலு.

யாரு, மேகலாவா? வா கண்ணு. கதவுக்குப் பின்னால நின்னுட்டு எல்லாத்தையும் கேட்டுட்டியா? மாமா இன்னிக்கு உங்க அப்பாவைப் பத்தி இவருகிட்ட ஒண்ணு சொன்னேன். அன்னிக்கு நாலு வயசுல எந்திரிச்சுச் சொன்னியே, அதே மாதிரி இப்பவும் சொல்லு, மாமா சொல்றது பொய்யா நெசமா?

சிரிச்சுட்டு உள்ள போயிருச்சுங்க. டீ போடப் போகுது. அதை நெசம்னு எடுத்துக்கறதா, வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும்... இல்லீங்க, சொல்றேன். முழுசாவே சொல்றேன். இதைவிட நல்ல குடும்பம் உங்களுக்கு அமையாது. முடிஞ்சுது வாக்கியம். மிச்சம் எதுவும் நான் முழுங்கலை.

அட, செருப்பைக் கழட்டீட்டீங்களா. உள்ள போறீங்களா.

போங்க, போங்க. இல்லடா சென்னியப்பா, நான் வரலை, நீ அவரைக் கூட்டிட்டுப் போயி உக்கார வெய்யி. இந்தக் கீரையை நான் பாத்துக்கறேன். செருப்பு இங்கயே இருக்கட்டுமுங்க, இந்தத் தெருவுல ஒரு நாய் இருக்குது, ஒத்தைச் செருப்பை மட்டும் பாத்துத் தூக்கீட்டுப் போயிரும். நீங்க நிம்மதியா உக்காந்து பேசுங்க. வெளிய வர்றப்ப ரெண்டும் இங்கயே இருக்கும். நம்புங்க.